பூனா ஹார்ஸ் கொடிக்கம்பத்தில் ஒரு வெள்ளிக் கை

நீங்கள் கேட்டவை இரண்டு. இந்திய ராணுவத்தின் பூனா ஹார்ஸ் குதிரைப்படையின் கொடிக்கம்பத்து உச்சியில் இருக்கும் வெள்ளிக் கை பேஷ்வாக்கள் கொடுத்ததா, அப்படியானால் அதில் அரபு எழுத்து ஏன் என்பது ஒன்று. பழைய சாமான் கடையில் கிடைத்த, '34' என்ற எண்ணோடு 'பூனா ஹார்ஸ்' என்று பொறித்த பித்தளைச் சின்னம் எந்தக் காலத்தது என்பது இன்னொன்று.

சுருக்கமான பதில்: கை பேஷ்வா கொடுத்ததல்ல, 1857இல் பாரசீகப் படையிடமிருந்து பிடுங்கியது. சின்னம் அசலாக இருந்தால் 1903க்கும் 1921க்கும் நடுவில் செய்தது. இதோடு நிறுத்தினால் பதில் சரிதான், ஆனால் சுவாரசியமான பகுதி முழுக்க விட்டுப்போகும். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பெயரில் 'பூனா' (இன்றைய புனே) இருப்பதால்தான், அங்கிருந்து மராத்தியப் பேரரசை நடத்திய பேஷ்வா நினைவு வருகிறது. அதில் தப்பில்லை, படை பிறந்ததே பேஷ்வாவின் காசில்தான். 1817 ஜூன் 13ஆம் தேதி பேஷ்வா இரண்டாம் பாஜிராவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தார்கள். பழைய உடன்படிக்கைப்படி கம்பெனிக்கு உதவியாகப் பேஷ்வா தன் குதிரை வீரர்களை அனுப்ப வேண்டும். புதிய ஒப்பந்தத்தில் அது மாறியது: ஆளை நீ அனுப்ப வேண்டாம், அதற்கு ஈடான வருமானமுள்ள நிலத்தைக் கொடு, படையை நாங்களே திரட்டிக்கொள்கிறோம். அப்படித் திரட்டியதுதான் பூனா துணைக் குதிரைப்படை. ஒப்பந்தம் முடிந்து ஐந்து மாதம்கூட முழுசாக ஓடவில்லை. நவம்பர் 5ஆம் தேதி கட்கியில் பேஷ்வாவுக்கும் கம்பெனிக்கும் சண்டை மூண்டது. பேஷ்வாவின் நிலவருமானத்தில் சம்பளம் வாங்க வந்தவர்கள் பேஷ்வாவையே விரட்டிக்கொண்டு போனார்கள்.

அடுத்த புத்தாண்டு நாள், 1818 ஜனவரி 1, கோரேகாவ். இந்தப் பெயர் இப்போது வேறொரு காரணத்துக்காக எல்லோருக்கும் தெரியும். அங்கே கம்பெனிக் காலாட்படையில் போரிட்ட, தலித் சமூகமான மகர் வீரர்களின் நினைவாக ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் அங்குள்ள நினைவுத் தூணுக்கு வருகிறார்கள். ஆனால் கேப்டன் ஸ்டாண்டனின் சுமார் 800 பேரில் காலாட்படை 500 பேர்தான். மிச்சத்தில் பெரும்பகுதி லெப்டினன்ட் ஸ்வான்ஸ்டன் தலைமையில் வந்த பூனா குதிரைக்காரர்கள். இரண்டு பீரங்கிகளை இயக்கியவர்கள் சென்னை மாகாணத்துப் பீரங்கிப் படையினர். ஷிரூரிலிருந்து இரவெல்லாம் நடந்து வந்து, காலையில் பீமா ஆற்றுக்கு அக்கரையில் பேஷ்வாவின் பெரும்படையைப் பார்த்ததும் கிராமத்துக்குள் புகுந்துகொண்டார்கள். பொழுது சாய்ந்தும் சந்துக்குச் சந்து சண்டை ஓயவில்லை. குடிக்கத் தண்ணீர்கூட இல்லை. செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் என்று கம்பெனி பக்கம் 275 பேர். 'கோரேகாவ்' என்ற சொல் பூனா ஹார்ஸின் முதல் போர்ப் பெருமையாக, அதாவது படை தன் கொடியில் பொறித்துக்கொள்ளும் சண்டைப் பெயராக, ஏறியது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

இந்தப் படை எப்படிப்பட்ட படை என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கொடிக் கதை பாதிதான் புரியும். இது சிலேதார் முறைப் படை. மராத்தியர்களிடமிருந்து வந்த முறை. வீரன் தன் குதிரை, வாள், உடுப்பு எல்லாவற்றையும் தானே கொண்டுவருவான், அல்லது சேரும்போது அவற்றுக்கான பணத்தைக் கட்டுவான். அரசு துப்பாக்கியும் ரவையும் தரும், சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டித் தரும். குதிரை செத்தால் நஷ்டம் அவனுக்கும்தான். அதனால் ஓரளவு சொத்துள்ள குடும்பத்துப் பிள்ளைகளே வந்தார்கள், வேலைக்கு வந்தவன் என்ற எண்ணத்தைவிடப் பங்காளி என்ற எண்ணம் அவர்களிடம் மேலோங்கியிருந்தது. இதற்கு நேர் மாறாகக் கம்பெனியே குதிரை கொடுத்து, பிரெஞ்சு கிரே என்ற நீலச்சாம்பல் நிறச் சட்டை மாட்டி, ஐரோப்பியப் பாணியில் பயிற்றுவித்த 'ரெகுலர்' குதிரைப்படைகளும் பம்பாயில் இருந்தன. 1820இல் எழுப்பிய 3ஆம் பம்பாய் லைட் கேவல்ரி அப்படி ஒன்று. இந்த இரண்டு பெயர்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சிலேதார் பூனா ஹார்ஸ், ரெகுலர் 3ஆம் பம்பாய்.

இடையில் ஒரு விஷயம். இந்தக் குதிரைப்படைகளில் சாதாரண வீரனுக்குச் சவார் என்று பெயர், அவனுக்கு மேலே தஃபேதார், அதற்கும் மேலே ஜமேதார், ரிசால்தார். நம் கலெக்டர் அலுவலக வாசலில் குறுக்குப் பட்டை அணிந்து நிற்கும் டபேதார், அந்தத் தஃபேதாரேதான். குதிரையிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்துவிட்டார்.

இனி அந்தக் கை.

1856 அக்டோபரில் பாரசீகம் ஆப்கானிஸ்தான் பக்கத்து ஹெராத் நகரைப் பிடித்தது. ஆப்கானிஸ்தான் வழியாக ரஷ்யச் செல்வாக்கு இந்தியாவை நெருங்கிவிடும் என்ற பயத்தில் கம்பெனி பம்பாயிலிருந்து கப்பலில் படை அனுப்பியது. டிசம்பரில் பாரசீக வளைகுடாக் கரையில் ரெஷீர் கோட்டையும் புஷேர் துறைமுகமும் விழுந்தன. ஜெனரல் அவுட்ரம் உள்நாட்டில் பொராஸ்ஜான் வரை போய், பாரசீகர் விட்டுப்போன வெடிமருந்துக் கிடங்கைக் கொளுத்திவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். இரவில் பாரசீகப் படை வந்து சுற்றிக்கொண்டு சுட்டது. 1857 பிப்ரவரி 8, பொழுது விடிந்ததும் குஷ்-ஆப் என்ற ஊர்ப்பக்கம் இரு படைகளும் மோதின. குஷ்-ஆப் என்றால் 'நல்ல தண்ணீர்'. பாகிஸ்தான் பஞ்சாபிலும் இதே பெயரில் ஊர் இருக்கிறது, சண்டை அங்கே நடந்தது என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். இது ஈரானில் புஷேருக்கு உள்ளே இருக்கும் குஷ்-ஆப்.

அன்றைய நாளை முடித்துவைத்தது குதிரைப்படைதான். காலாட்படை வந்து சேருவதற்கு முன்பே முடிந்தது என்றுகூடச் சொல்லலாம். பாரசீகக் காலாட்படையின் ஒரு ரெஜிமென்ட் சதுர வியூகத்தில் நின்றது. நாலு பக்கமும் பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) நீட்டி நிற்கும் சதுரத்தைக் குதிரைகளால் உடைக்க முடியாது என்பது அந்தக் காலத்துப் போர்ப் பாடத்தின் அரிச்சுவடி. குதிரை ஒன்றும் முட்டாள் இல்லை, ஈட்டி வேலியைக் கண்டால் ஒதுங்கத்தான் பார்க்கும். 3ஆம் பம்பாய் லைட் கேவல்ரி கேப்டன் ஃபோர்ப்ஸின் தலைமையில் அந்தச் சதுரத்தின் மீதே பாய்ந்தது. படையின் நிர்வாகத்தைக் கவனிக்கும் அதிகாரியான அட்ஜுடன்ட் மூர் தன் குதிரையைப் பயனெட்டுகளுக்கு மேலேயே தாண்ட விட்டார். குதிரை செத்துச் சதுரத்துக்குள் விழுந்தது, அவர் வாளும் உடைந்தது. லெப்டினன்ட் மால்கம்சன் கூட்டத்தை வெட்டிக்கொண்டு திரும்பி வந்து, தன் அங்கவடியைப் பிடிக்கக் கொடுத்து மூரை வெளியே இழுத்துக்கொண்டு போனார். சதுரம் சிதறியது. இருவருக்கும் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. கூடவே பாய்ந்த இந்தியச் சவார்கள் அதற்குத் தகுதியானவர்களாகக் கருதப்படவில்லை; இந்தியர்களுக்கு அந்த விருதைத் திறந்துவிட்டது 1911இல்தான்.

அதே களத்தில் பூனா ஹார்ஸின் ஒரு பகுதியும் இருந்தது. அவர்கள் கைக்கு வந்தது, பிரிட்டிஷ் பதிவுகள் 'ஃபார்ஸ் மாகாணத்தின் முதலாம் குஸ்காய் ரெஜிமென்ட்' என்று குறிக்கும் படையின் கொடி. ஃபார்ஸில் வாழும் கஷ்காய் இனத்தின் பெயரை ஆங்கிலேயர் எழுதிய விதமே 'குஸ்காய்' என்பது என் கணிப்பு. அந்தக் கொடிக்கம்பத்தின் தலைதான் விரித்த வெள்ளிக் கை. அந்தக் கையோடு கூடிய கொடியைத் தன் சொந்தக் கொடியாகவே தாங்கும் உரிமை பூனா ஹார்ஸுக்குக் கிடைத்தது. எதிரியின் கொடியைப் பிடித்துக் கோயிலிலோ அருங்காட்சியகத்திலோ வைப்பது உலக வழக்கம். அதையே தூக்கிக்கொண்டு அணிவகுப்பது அபூர்வம்.

கையில் பொறித்திருப்பதை ஆங்கில ஆவணங்கள் 'பாரசீக எழுத்து' என்று சொல்லிவிட்டுப் போகின்றன. எழுத்து பாரசீகர் கையால் இருக்கலாம், மொழி அரபு, வாசகம் குர்ஆன். 'யதுல்லாஹி ஃபவ்க அய்தீஹிம்.' அல்ஃபத்ஹ் அத்தியாயத்தின் 10ஆம் வசனம். 'இறைவனின் கை எல்லாவற்றுக்கும் மேலானது' என்ற பொருளில் படைப்பிரிவு வரலாறுகளில் வருகிறது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் அப்படி இல்லை: 'அவர்களின் கைகளுக்கு மேல் அல்லாஹ்வின் கை.' வித்தியாசம் சின்னதல்ல. நபியின் கையில் கை வைத்து உறுதிமொழி கொடுத்தவர்களைப் பற்றிய வசனம் அது. உங்களிடம் வாக்குக் கொடுத்தவர்கள் இறைவனிடமே வாக்குக் கொடுத்தார்கள், அவர்கள் கைகளின் மேல் இறைவனின் கையும் இருக்கிறது என்பது கருத்து. சத்தியம் செய்து சேரும் சிப்பாய்களின் கொடி உச்சிக்கு இதைவிடப் பொருத்தமான வரி எங்கே கிடைக்கும்? 'எல்லாவற்றுக்கும் மேலானது' என்று மொழிபெயர்த்ததில் சத்தியம் காணாமல் போய்விட்டது.

உள்ளங்கையில் 1066 என்று ஓர் எண்ணும் இருக்கிறது. இங்கிலாந்தில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் 1066 என்றால் ஹேஸ்டிங்ஸ் சண்டைதான் ஞாபகம் வரும். இது ஹிஜ்ரி 1066, நம் கணக்கில் 1655-56. ஈரானை சஃபாவியப் பேரரசர் இரண்டாம் ஷா அப்பாஸ் ஆண்ட காலம். அந்த எண் செய்த ஆண்டைக் குறித்தால், குஷ்-ஆப் களத்தில் அது பிடிபட்டபோதே அதற்கு 200 வயது. பூனா ஹார்ஸைவிட 160 ஆண்டு மூத்தது.

கை வடிவம் ஏன் என்று கேட்டால், ஷியா மரபில் அது சாதாரணம். ஐந்து விரல்கள் நபி, பாத்திமா, அலி, ஹசன், ஹுசைன் ஆகிய ஐவரைக் குறிக்கும்; கர்பலாவில் வெட்டுண்ட அப்பாஸின் கை என்றும் சொல்வார்கள். முஹர்ரம் ஊர்வலத்தில் தூக்கி வரும் பஞ்சாவைப் பார்த்திருந்தால் இது உங்களுக்குப் புதிதாக இருக்காது. தஞ்சாவூர்ப் பக்கம் காசவளநாடு புதூரில் இந்துக்கள் 'அல்லா சாமி' என்று மாலை போட்டுக் கொண்டாடுவதும் கை வடிவத்தைத்தான். அந்தக் கைக்கு உறவுக்காரக் கைதான் பூனா ஹார்ஸ் கொடியின் மேல் இருப்பதும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். குஷ்-ஆப் முடிந்து மூன்று மாதத்தில், 1857 மே மாதம், மீரட்டில் தோட்டாவைத் தொட மறுத்துச் சிறைக்குப் போன 85 சவார்கள் '3ஆம் லைட் கேவல்ரி' என்று படித்திருப்பீர்கள். அது 3ஆம் வங்காள லைட் கேவல்ரி. எண் ஒன்று, படை வேறு. வங்காளம், பம்பாய், சென்னை மூன்று மாகாணங்களும் தனித்தனி ராணுவம் வைத்துத் தனித்தனியாக 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டிருந்த காலம். பம்பாயின் 3ஆம் படை எதிர்ப்பக்கம் நின்றது, பாரசீகத்திலிருந்து திரும்பி மத்திய இந்தியாவில் கிளர்ச்சியை அடக்கப் போனது.

அந்த எண் குழப்பத்திலிருந்தே உங்கள் பித்தளைச் சின்னத்துக்கு வந்துவிடலாம்.

1903இல் இந்தியப் படைகளின் தலைமைத் தளபதி கிச்சனர் பிரபு மூன்று மாகாண எண்களையும் ஒரே வரிசையாக்கினார். வங்காளப் படைகள் முதலில், நடுவில் பஞ்சாப், சென்னை முதலானவை. பம்பாய்க் குதிரைப்படைகளுக்கு வழி எளிது: பழைய எண்ணோடு 30ஐக் கூட்டிக்கொள். 3ஆம் பம்பாய் 33 ஆனது. அப்போது 4ஆம் பம்பாய் கேவல்ரி என்று எண்ணப்பட்ட பூனா ஹார்ஸ் 34 ஆனது. 1921இல் மறுபடி கலைத்து அடுக்கினார்கள். 39 குதிரைப்படைகளை 21 ஆக்க இரண்டிரண்டாகச் சேர்த்தார்கள். 33உம் 34உம் ஒன்றாகி, அடுத்த ஆண்டு 17 என்ற எண்ணைப் பெற்றன. ஆகவே '34' பொறித்த எதுவும் அந்தப் பதினெட்டு ஆண்டுகளைச் சேர்ந்தது. '4' இருந்தால் அதற்கு முன், '17' இருந்தால் 1922க்குப் பின்.

பட்டப்பெயரும் காலம் சொல்லும். 34ஆம் படைக்கு 'இளவரசர் ஆல்பர்ட் விக்டரின் சொந்தப் படை' என்ற பட்டம் இருந்தது. விக்டோரியாவின் பேரன், 1889-90இல் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தவர், 1892இல் ஃப்ளூவில் இறந்துபோனார். 33ஆம் படை 1876இலேயே 'ராணியின் சொந்தப் படை', 1911இல் 'ராணி விக்டோரியாவின் சொந்தப் படை'. இரண்டும் சேர்ந்தபோது பாட்டியின் பட்டம் நின்றது, பேரனுடையது போனது. ஊர்ப்பெயர் மட்டும் 34உடையது தங்கியது: 17ஆம் ராணி விக்டோரியாவின் சொந்த பூனா ஹார்ஸ். உங்கள் சின்னத்தில் கிரீடம் இருந்தால் அதன் வளைவைப் பாருங்கள். உச்சியில் நடுவே பள்ளம் விழுந்து இருபுறமும் தூக்கியிருந்தால் விக்டோரியா காலத்து வடிவம். வளைவு மேடாக உருண்டு ஏறினால் 1901க்குப் பிறகு வந்த மன்னர்கள் காலத்தது. '34' எண்ணும் பள்ளம் விழுந்த கிரீடமும் ஒன்றாக இருந்தால் நான் விலை கொடுக்க யோசிப்பேன். புதிதாக வார்த்து, புளியும் மண்ணும் போட்டு, பழசாக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

33ஆம் படையின் கதையில் ஒரு கறுப்பு நாளும் உண்டு. 1880 ஜூலை 27, ஆப்கானிஸ்தானில் மைவந்த். சதுரம் உடைத்த அதே 3ஆம் பம்பாய் லைட் கேவல்ரி, அன்று காலாட்படை நொறுங்கிக்கொண்டிருந்தபோது முழு மூச்சாகப் பாயாமல் விலகிவிட்டது என்ற பழியைச் சுமந்தது. மணிக்கணக்கில் பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே அசையாமல் நிறுத்தி வைத்த குதிரைகளையும் ஆட்களையும் திடீரென்று பாயச் சொன்னால் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். எப்படியானாலும் மைவந்த் எந்தக் கொடியிலும் இல்லை.

முதல் உலகப் போரில் 34ஆம் படை பிரான்சுக்குப் போனது, குதிரையை விட்டுப் பதுங்குகுழிக்கு இறங்கியது. 1914 நவம்பர் 2ஆம் தேதியே நவ் ஷாப்பலில் அதன் தளபதி லெப்டினன்ட் கர்னல் ஸ்வான்ஸ்டன் இறந்தார். கோரேகாவில் குதிரைக்காரர்களை நடத்தியவர் பெயரும் ஸ்வான்ஸ்டன் என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். அதே மாதக் கடைசியில் ஃபெஸ்டுபெர் அருகே லெப்டினன்ட் ஃபிராங்க் டி பாஸ், ஜெர்மானியர் தோண்டி வந்த குழிக்குள் நுழைந்து அதன் தடுப்பை வெடிவைத்துத் தகர்த்தார், வெட்டவெளியில் கிடந்த காயம்பட்ட இந்தியச் சிப்பாய் ஒருவரைத் தூக்கி வந்தார், ஓரிரு நாளில் கொல்லப்பட்டார். அவருக்கும் விக்டோரியா கிராஸ். யூதர் ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. சிலேதார் முறை இந்தப் போரோடு செத்தது. கடல் தாண்டி ஆண்டுக்கணக்கில் நடக்கும் போரில் சவார் எங்கே போய்த் தன் குதிரைக்கு மாற்றுக் குதிரை வாங்குவான்?

1950இல் குடியரசானதும் கிரீடம் போய் அசோகச் சிங்கங்கள் வந்தன, ராணி விக்டோரியா பெயரிலிருந்து நீங்கினார், 'பூனா ஹார்ஸ்' மிஞ்சியது. போர்ப் பெருமைகளையும் சலித்தார்கள். இந்திய மண்ணில் இந்திய அரசுகளை வீழ்த்தி வாங்கிய பெயர்களைச் சுதந்திர இந்தியாவின் ராணுவம் ஏற்கத்தகாதவை என்று ஒதுக்கியது. கோரேகாவ் அதில் போனது. படையின் முதல் பெருமை, இன்று கொடியில் ஏற்றக்கூடாத பெருமை. குஷ்-ஆப் வெளிநாட்டில் நடந்ததால் அதற்கு அந்தச் சிக்கல் இல்லை, கையும் தப்பித்தது. நியாயமாகப் பார்த்தால் அதுவும் பேரரசுக்காக இன்னொரு ஆசிய நாட்டின் மேல் போன படைதான். ஈரானியர் ஒருவரிடம் கேட்டால் கணக்கு வேறு மாதிரி வரும்.

குதிரைகள் எப்போதோ போய்விட்டன, இப்போது டாங்கிப் படை. 1965 செப்டம்பரில் ஃபில்லோராவிலும் சாவிண்டாப் பக்கத்திலும் சென்சூரியன் டாங்கிகளோடு போரிட்ட லெப்டினன்ட் கர்னல் தாராபூர் பரம்வீர் சக்ரா பெற்றார், உயிரோடு இல்லை. அவர் ஹைதராபாத் நிஜாமின் குதிரைப்படையிலிருந்து வந்தவர். 1971 டிசம்பர் 16, பசந்தர் ஆற்றங்கரையில் இன்னொரு பரம்வீர் சக்ரா, செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால். வயது 21, பிறந்த ஊர் புனே.

அந்தச் சண்டையைப் பற்றிப் படிக்கும்போது எதிரே நின்றது யார் என்பதைக் கவனியுங்கள்: பாகிஸ்தானின் 13ஆம் லான்சர்ஸ். 1903இல் பம்பாய்ப் படைகளுக்கு 30ஐக் கூட்டியபோது முதல் இரண்டும் 31, 32 ஆகியிருந்தன. 1921இல் 33உம் 34உம் சேர்ந்ததைப் போலவே அவையும் சேர்ந்து 13 ஆயின. 1947இல் பிரிட்டிஷ் இந்தியாவின் குதிரைப்படைகளில் பன்னிரண்டு இந்தியாவுக்கு வந்தன, ஆறு பாகிஸ்தானுக்குப் போயின. 13 அங்கே போனது, 17 இங்கே இருந்தது. ஆக, பம்பாய் ராணுவப் பட்டியலில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருந்த நான்கு படைகள், இரண்டிரண்டாகப் பிரிந்து, பசந்தர் கரையில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. அதில் ஒன்றின் கொடி உச்சியில்தான் அந்த வெள்ளிக் கை.